பெர்னார்ட் எரித்த குருத்தோலை

மைசூர் வீடுகள் கழித்த குப்பையெல்லாம் எரிகிற நகரசபைச் சூளையில் பெர்னார்டுக்குச் சாம்பல் வேலை. பெயிண்ட் டப்பா, மருந்துப் புட்டி, டார்ச் பாட்டரி எல்லாம் வெந்த சாம்பல். ஒரு மாடு நக்கிச் செத்திருக்கிறது. தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்க வேண்டும், சுண்ணாம்பு சேர்த்துப் பிசைய வேண்டும், களிமண் பூசிய குழியில் கொட்டிச் செம்மண்ணால் மூட வேண்டும். பாத்திரம் துலக்கச் சாம்பல் கேட்டு வருகிற பெண்களை விரட்டுவதும் அவன்தான். வீடு திரும்பினால் மனைவி விக்டோரியா வாசலிலேயே தண்ணீர்ச் செம்பை நீட்டுவாள்.

அவள் அண்ணன் மைக்கேல் மாதாகோயிலில் கோயில்பிள்ளை, பூசைக்கு வேண்டியதை எடுத்துவைப்பவன். அவனும் வருஷத்துக்கு ஒருமுறை சாம்பல் செய்தான். போன வருஷக் குருத்தோலை ஞாயிறன்று மந்திரித்த ஓலைகளை எரித்து அவன் கிண்ணத்தில் தருவதைச் சாமியார் தொட்டு நெற்றியில் இடுவார். தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனன்று டாக்டர் முதல் டோபி வரை அதற்காக மண்டியிடுவார்கள். அந்தக் கிண்ணத்தைப் பார்க்கும்போதெல்லாம் பெர்னார்டுக்கு வயிறு எரியும்.

அந்த வருஷம் மைக்கேல் காய்ச்சலில் படுத்தான். சாமியார் பெர்னார்டைக் கூப்பிட்டு ஓலைகளைக் கொடுத்தார். சந்தோஷத்தை மறைக்க அவன் படாத பாடு பட்டான்.

கைக்குப் பழகிய சூளைக் கொல்லையிலேயே, புதுச் சட்டியில் எரித்தான். நாளைக்குக் கேள்விப்படும்போது மைக்கேலின் முகம் எப்படிச் சுண்டிப்போகும் என்று நினைத்துக்கொண்டே இருந்தான். கை தன் வழக்கத்தில் போனது. தண்ணீர் தெளித்தது, சுண்ணாம்பை அள்ளிப் போட்டுப் பிசைந்தது.

திடுக்கிட்டுத் துளி எடுத்துத் தன் நெற்றியில் வைத்துப் பார்த்தான். கொஞ்ச நேரத்தில் எரிந்து சிவந்தது. வேறு ஓலை இல்லை. சொல்லாமல் கொடுத்தால் நாளை ஊர் நெற்றியெல்லாம் புண். சொன்னால் கிண்ணம் இனி ஒருநாளும் அவன் கைக்கு வராது. கெட்டுப்போனதைச் செம்மண்ணில் புதைத்துவிட்டு, வேறு வழியில்லாமல் மைக்கேலிடமே போய்ச் சொன்னான்.

கம்பளிக்குள் கிடந்தவன் இருமல் வரும்வரை சிரித்தான். "ஹௌதா மாப்ளே, நெஜமாவா, சுண்ணாம்பா? கூடவே ஒரு வெத்தலையும் வெச்சுக் குடுத்திருக்கலாமே."

"சிரிச்சது போதும் மச்சான். வழி சொல்லு."

"மாடத்துல டப்பா இருக்கு பாரு. போன வருஷத்து மிச்சம். எடுத்துட்டுப் போ."

"சாமியார்கிட்ட சொல்லுவியா?"

"யாருகிட்டயும் சொல்லமாட்டேன். நீ செஞ்சதாவே இருக்கட்டும்."

திட்டியிருந்தால்கூட பெர்னார்ட் தாங்கியிருப்பான்.

மறுநாள் பூசை முடிந்து வெளியே வந்ததும் விக்டோரியா அவன் நெற்றியையே பெருமையாகப் பார்த்தாள். சாம்பலுக்கு அடியில் புண் இன்னும் காந்திக்கொண்டிருந்தது.

"நெஜமா சொல்றேங்க. நீங்க செஞ்ச விபூதி, அச்சு அசல் எங்கண்ணன் செஞ்ச மாதிரியே இருக்கு."

"ம்," என்றான் பெர்னார்ட்.