நான்கு மூலையிலும் மஞ்சள் பூ

நான் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நான்காவது வரைதான் படித்தேன். கணக்கு மறந்துவிட்டது. கைவேலை ஒன்று மட்டும் நினைவிருக்கிறது. வெண்டைக்காயின் காம்புப் பக்கத்தைக் குறுக்கே நறுக்கி, மையில் தொட்டுத் தாளில் அழுத்தினால் பூ விழும். வாத்தியாரம்மா செய்து காட்டியது.

ஐம்பதுகளின் கடைசி அது. அப்பாவுக்கும் மாமாவுக்கும் சிங்கப்பூரில் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் வேலை. பக்கத்துப் பக்கத்து அறையில் குடியிருந்தோம். மாமா என் அம்மாவின் தம்பி. அத்தை ஊரிலிருந்து கப்பலில் வந்தவள். கல்யாணமாகி ரொம்ப நாள் கழித்து அப்போதுதான் அவள் வயிற்றில் பிள்ளை.

பொங்கலுக்கு அத்தைக்கு ஏதாவது கொடுக்க ஆசை. கையில் காசில்லை. அப்பா கிடங்கிலிருந்து கொண்டுவந்த வெள்ளைத் தாள் இருந்தது. அத்தை ஊருக்குக் கடிதம் போடுகிறவள். சரி, கடிதத்தாள் செய்யலாம் என்று உட்கார்ந்தேன். பேனா மை ஊறிப் பரவியது. மஞ்சள்தூளைக் கஞ்சியில் குழைத்தேன். அது நன்றாகப் பிடித்தது. நடுவில் அடித்தால் எழுத இடமிருக்காது. அதனால் நான்கு மூலையிலும் ஒவ்வொரு பூ.

தேக்கா சந்தையில் வாங்கிவந்த வெண்டைக்காய் குறைவதைப் பார்த்து அம்மா வந்தாள்.

“என்னாடி, யாருக்குக் கல்யாணம்? பத்திரிகை அடிக்கிற?”

“அத்தைக்கு.”

“அவளுக்குத்தான் ஆயிடுச்சே. உங்க மாமன் கேட்டா அழுவான்லா.”

நல்ல செய்தி எழுதும் கடிதத்துக்குத்தான் எங்கள் ஆட்கள் மூலையில் மஞ்சள் தடவுவார்கள். எனக்கு அது தெரியாது. அம்மாவும் சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

அத்தை தாள்களை மோந்து பார்த்தாள். “சாம்பார் வாசம் வருது,” என்றாள். புடவைக்கு அடியில் பெட்டியில் வைத்தாள். “பிள்ளை பொறந்ததும் எங்கம்மாவுக்கு இதுலதான் கடுதாசி போடணும்.”

பிள்ளை பிறந்தது. ஆண். மூச்சு இல்லை.

அத்தை ஆஸ்பத்திரியில் இருந்தாள். மாமா மட்டும் வந்து படியில் உட்கார்ந்தார். “ஊருக்கு எழுதணும். ஒரு தாளு எடுத்தா பாப்பா,” என்றார்.

ஓடிப்போய் அத்தையின் பெட்டியைத் திறந்து என் தாளைக் கொண்டுவந்தேன். மாமா அதைப் பார்த்தார். ஒரு மூலையைக் கட்டைவிரலால் மறைத்தார். பிறகு விரலை எடுத்தார்.

“வேற தாளு இல்லியா?”

“அத்தை இதுலதான் எழுதணும்னு சொன்னாங்க மாமா.”

என் முகத்தைப் பார்த்தார். எழுதினார். கொஞ்சம்தான் எழுதினார். அன்று வீட்டில் யாரும் அடுப்பு மூட்டவில்லை. நான் மட்டும் அறை அறையாகப் போய், என் தாள் கப்பல் ஏறப்போகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

பதில் வருவதற்குள் அத்தை வீட்டுக்கு வந்து, சமைக்கவும் தொடங்கிவிட்டாள். எழுதியிருந்தவர் அத்தையின் தம்பி. மாமா சத்தமாகப் படித்தார். அத்தையின் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. தபால்காரர் கொடுத்த உறையை அந்த அம்மாவே பிரித்திருக்கிறார். நான்கு மூலையிலும் மஞ்சள். தபால்காரர் வாயிலேயே சீனியைப் போட்டிருக்கிறார். பிறகு வீடு வீடாக, தெரு முழுக்கச் சீனி. தம்பி வேலை முடிந்து வந்து படித்துச் சொல்லும்வரை.

மாமா பாதியில் நிறுத்தினார்.

“படிங்க,” என்றாள் அத்தை.

படித்து முடித்தார். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் அடி விழும் என்று தெரிந்தது. எதற்கு என்று தெரியவில்லை. அத்தை என்னைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“விடுங்க அண்ணி. அன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் எங்கம்மாவுக்குப் பேரன் இருந்திருக்கான்.”

ஊரில் என் தாள் எல்லோருக்கும் பிடித்துவிட்டது என்றுதான் எனக்குப் புரிந்தது. அடுத்த பொங்கலுக்கு இன்னும் நிறைய அச்சடித்துக் கொடுத்தேன். அத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை. வாங்கிக்கொண்டாள். அதில் ஒரு வரி எழுதி நான் பார்த்ததில்லை. எப்ப அத்தை எழுதுவீங்க, எப்ப எழுதுவீங்க என்று வருடக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருந்தேன்.