மாவு மிஷினுக்குள் எள்

என் அண்ணிக்குக் கடைத்தெருவில் ‘கறார்’ என்று பெயர். முகத்துக்கு நேரே சொல்ல யாருக்கும் தைரியம் கிடையாது. ரொட்டிக்கடைக்கு முதலாளி அவள்தான். அண்ணன் அடுப்பைப் பார்த்துக்கொள்வான். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம், அதுவும் ‘அவளைக் கேட்டுக்கங்க’ என்பதாகத்தான் இருக்கும்.

நான் வேன் ஓட்டுகிறேன். காலையில் ரொட்டியை ஏற்றிக்கொண்டு ஒரு பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி கேன்டீன், நாலு மளிகைக் கடை என்று இறக்கிவிட்டு வருவது என் வேலை. அண்ணியோடு சண்டை போடுவது இரண்டாவது வேலை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அவளுக்குக் கோபமே வராது. அதைப் பார்த்து எனக்கு இன்னும் கொஞ்சம் வரும்.

பதினெட்டு வருஷமாகக் கையால் பிசைந்து அண்ணியின் தோள்பட்டை போய்விட்டது. மாவு பிசையும் மிஷின் வாங்கலாம் என்று ஒரு கடைக்குப் போனோம். கடைக்குள்ளேயே கடன் நிறுவனத்து ஆள் ஒருவன் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தான். படிவத்தை நிரப்பியதெல்லாம் கடைக்காரரின் விற்பனையாள். மேஜைக்காரன் முத்திரை மட்டும் குத்தினான். ‘புத்தம் புதியது’ என்று பில்லில் எழுதிக் கொடுத்தார்கள். கடனுக்கு ஈடாக எங்கள் பெரிய அடுப்பை எழுதி வைத்தோம். அடுப்பு போனால் கடையை மூடிவிட வேண்டியதுதான்.

நாலாவது மாதம் மிஷின் கத்த ஆரம்பித்தது. பிசைகிற கொக்கி பாதியில் நின்றுவிடும். கடைக்காரரிடம் போனோம். “அளவுக்கு மீறி மாவு போட்டிருப்பீங்க” என்று கையை விரித்தார். மேஜைக்காரனிடம் போனோம். “மிஷின் உங்களுக்கும் கடைக்காரருக்கும் உள்ள விஷயம். தவணை உங்களுக்கும் எங்களுக்கும் உள்ள விஷயம்” என்றான். என்ன வக்கணையான பேச்சு! வாங்கும்போது இரண்டு பேரும் ஒரே கூரையின் கீழ் பல்லைக் காட்டிக்கொண்டுதானே நின்றார்கள்?

ஒரு மத்தியானம் அண்ணன் கொக்கிக்கு மேலே இருக்கும் மூடியைக் கழற்றிப் பார்த்தான். உள்ளே பழைய மாவு காய்ந்து கல்லாக ஒட்டியிருந்தது. அதில் எள்.

எங்கள் கடைக்குள் எள் வராது. நாங்கள் ரொட்டி போடும் பள்ளிக்கூடத்தில் ஒரு குழந்தைக்கு எள் ஆகாது, பட்டாலே தொண்டை வீங்கிவிடும். அதற்காகத் தலைமையாசிரியை எங்களிடம் எழுதியே வாங்கியிருந்தார். அன்றிலிருந்து எள்ளை வாசற்படி தாண்ட விடமாட்டாள் அண்ணி. அப்படியென்றால் இது வேறு யார் கடையிலோ ஓடித் தேய்ந்த மிஷின். பெயின்ட் அடித்து எங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

விஷயம் தெரிந்து நான் ஓடி வந்து பார்த்தால், மூடி பளபளவென்று இருக்கிறது. அண்ணி வெந்நீர் ஊற்றி, சுரண்டி, தேய்த்துக் கழுவி முடித்துவிட்டாள்.

“அண்ணி, அதுதானே நமக்குச் சாட்சி. ஒரு போட்டோவாவது எடுத்தீங்களா?”

“அழுக்கு, தம்பி. மாவு பிசையற எடத்துல அதை எப்படி ஒரு நிமிஷம் விட்டு வைக்கிறது?”

தலையில் அடித்துக்கொண்டேன். தன் வழக்கைத் தானே பிரஷ் போட்டுத் தேய்க்க ஒரு ரொட்டிக்கடைக்காரியால்தான் முடியும்.

அந்த வாரமே பள்ளிக்கூட ரொட்டியும் நின்றது. “இப்போதைக்கு வேணாம்” என்று மட்டும் அண்ணி சொன்னாள். மிஷின் படுத்துவிட்டது என்றதும் பள்ளிக்கூடத்தார் கழற்றிவிட்டார்கள் என்று நினைத்து, அந்தத் தெரு வழியாகப் போகும்போதெல்லாம் வாய்க்குள் திட்டினேன். அண்ணி பழையபடி கையால் பிசைந்தாள். தவணையை நிறுத்தி, காரணத்தை எழுதி அனுப்பினாள். அடுப்பைத் தூக்கிப்போக ஆள் வரும் என்று பதில் நோட்டீஸ் வந்தது. நோட்டீஸோடு அண்ணியிடம் ஓடினேன்.

“கட்டித் தொலைச்சிடலாம் அண்ணி. பெரிய கம்பெனியோட நமக்கென்ன மல்லுக்கட்டு?”

“வாங்கின கடனை நான் கட்டாம விட்டிருக்கேனா? பொய் சொல்லி வித்ததுக்குக் கட்டமாட்டேன்.”

நுகர்வோர் தீர்ப்பாயத்துக்குத் தானே மனு எழுதினாள். வக்கீல் வைக்கவில்லை. தீர்ப்பாயத்தில் இருப்பவர்களெல்லாம் கம்பெனிக்காரன் பாக்கெட்டில் இருக்கும் ஆட்கள் என்று நான் சொன்னேன். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தீர்ப்பாயம் தபால் ஆபீசுக்கு மேல்மாடியில் இருந்தது. ஆடுகிற பெஞ்சு, காகிதக்கட்டு அடுக்கிய அலமாரி, மேடைமேல் மூன்று பேர். நடுவில் இருந்த தலைவர் அம்மாவுக்கு ஜலதோஷம், கைக்குட்டையும் கையுமாகவே இருந்தார். முதல் நாளே, வழக்கு முடியும்வரை அடுப்பில் யாரும் கை வைக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். ‘பரவாயில்லையே’ என்று நினைத்தேன். உடனே அண்ணி பக்கம் திரும்பினார்.

“சாட்சியத்தைக் கழுவிட்டு வந்து நியாயம் கேட்டா நாங்க எதை வச்சும்மா முடிவு பண்றது?”

“தப்புதாங்க. கை சும்மா இருக்கல.”

எனக்கு மறுபடியும் நம்பிக்கை போனது.

அடுத்த விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். கடைக்காரருக்கும் கடன் நிறுவனத்துக்கும் சேர்த்து அவர் ஒருவர்தான். “எள்ளுன்னு ஒண்ணு இருந்திருந்தா, அது இவங்க போட்ட எள்ளாத்தான் இருக்கும்” என்றார்.

“எங்க கடையில எள் கிடையாதுங்க. பள்ளிக்கூடத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கோம்.”

வக்கீல் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. “அப்படின்னா எள் இருந்த மிஷின்ல பிசைஞ்ச ரொட்டியத்தான் நாலு மாசமா அந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்திருக்கீங்க. ஆமாவா, இல்லையா?”

இல்லை என்றால் வழக்கு போச்சு. ஆமாம் என்றால் பள்ளிக்கூடம் மட்டுமில்லை, ஊரில் கடைப் பேரே போச்சு. வாயை மூடிக்கொண்டிருங்கள் அண்ணி என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

“ஆமாங்க” என்றாள் அண்ணி. “தெரியாமக் கொடுத்தேன். தெரிஞ்ச அன்னைக்கே நிறுத்திட்டேன். தலைமையாசிரியை அம்மாவுக்கு எழுதியும் கொடுத்தேன். அந்தக் குழந்தைக்கு ஒண்ணும் ஆகலைன்னு அவங்க சொன்னப்புறம்தான் எனக்குத் தண்ணியே தொண்டையில இறங்கிச்சு.”

பையிலிருந்து கடிதத்தின் நகலை எடுத்தாள். மூடியைத் திறந்ததும், காய்ந்த மாவில் எள் இருந்ததும், இனி ரொட்டி அனுப்பமாட்டேன் என்பதும் அவள் கையெழுத்தில் இருந்தன. கீழே, பெற்றுக்கொண்ட தேதியோடு பள்ளிக்கூட முத்திரை.

தலைவர் இரண்டு முறை படித்தார். “மனு போடறதுக்கு ஆறு வாரம் முன்னாடி தேதி. தன் பிழைப்பைக் கெடுத்துக்கிற மாதிரி ஒருத்தர் முன்கூட்டியே பொய் எழுதி வைப்பாங்களா, வக்கீல் சார்?”

வக்கீல் ஏதோ தாளைத் தேடினார்.

எந்தத் தரப்பிடமும் சம்பளம் வாங்காத ஒரு பொறியாளரைத் தீர்ப்பாயமே அனுப்பியது. அண்ணியின் பிரஷ் எட்டாத கியர் பெட்டியை எல்லார் முன்னாலும் அவர் திறந்தார். பற்கள் தேய்ந்து கிடந்தன. பழைய கிரீஸில் எள் ஒட்டியிருந்தது. ‘பல வருஷம் ஓடிய மிஷின்’ என்று எழுதிக் கொடுத்தார்.

“நாங்க கடன் மட்டும்தான் கொடுத்தோம்” என்று கடைசிவரை சொல்லிப் பார்த்தார்கள். “உங்க மேஜை அவர் கடையில. உங்க படிவத்தை நிரப்பினது அவர் ஆள். லாபத்துல சேர்ந்து நின்னீங்க, இதுலயும் சேர்ந்தே நில்லுங்க” என்றார் தலைவர். விற்பனையும் ரத்து, கடனும் ரத்து. கட்டியதைத் திருப்பித் தர வேண்டும். அடுப்பு எங்களுடையது. கடன் கட்டாதவர்கள் பட்டியலில் ஏற்றியிருந்த அண்ணியின் பெயரை நீக்க வேண்டும்.

அண்ணன் மாடிப்படியிலேயே உட்கார்ந்து அழுதான். நானும் அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

பள்ளிக்கூடம் எங்களை இன்னும் திரும்பக் கூப்பிடவில்லை. வேனில் வரும்போது அந்தத் தெருவைக் கடந்தோம். எனக்குப் பொறுக்கவில்லை.

“ரொட்டியை நிறுத்தினது நீங்கதானா? லெட்டர் எழுதினதை எங்கிட்ட ஏன் அண்ணி சொல்லல? நான் என்ன மூணாம் மனுஷனா?”

அண்ணி தோள்பட்டையைப் பிடித்துவிட்டுக்கொண்டே கேட்டாள்.

“சொல்லியிருந்தா, அந்த லெட்டரைக் கொடுக்க நீ விட்டிருப்பியா?”

விட்டிருக்க மாட்டேன். கிழித்துப் போட்டிருப்பேன்.

வண்டியை ஓட்டினேன்.