புடவை அகலத்தில் மூன்று பாத்திகள்

பட்டு நூலைச் சவுக்காரமும் சலவை சோடாவும் போட்டு அண்டாவில் வேகவைக்கும்போது எழும் வாடை மூக்கின் உச்சியில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். குளித்தாலும் போகாது, சாம்பார் தாளித்தாலும் அடங்காது. ஆரணியில் எங்கள் தெருவில் எல்லா வீட்டுக்கும் பின்னால் அந்த அண்டா இருந்தது. வெந்த தண்ணீரும், சாயம் போட்டு மிஞ்சிய தண்ணீரும் ஓடி ஓடி, நாங்கள் 'பொயக்கடை' என்று சொல்லும் கொல்லைப்புறம் முழுக்க வெள்ளையாய் உப்புப் பூத்துக் கிடந்தது. அதில் எருக்கஞ்செடிகூட முளைக்காது.

அந்தச் செத்த மண்ணின்மேல் என் அம்மா ஏறக்குறைய இரண்டு வருஷம் காய்கறி விளைவித்தாள். இதைக் கேட்டவுடன் சிலர் கண்ணை மூடிக்கொண்டு, ஆகா, மண்வாசனை, வீட்டுக் காய், அந்தக் காலம் என்று உருகத் தொடங்கிவிடுகிறார்கள். எனக்கு எரிச்சலாக வரும். அம்மாவுக்குத் தோட்டத்தின்மேல் ஆசை எதுவும் கிடையாது. அவள் போட்ட பாத்தி எனக்காகப் போட்ட மறியல். அதை அப்படியே சொல்லிவிடுவதுதான் மரியாதை.

நான் எட்டாவது படித்துக்கொண்டிருந்த வருஷம், எழுபதுகள் முடியப்போகிற சமயம். ஆனி மாதத்தில் ஒரு நாள் பெரியப்பா, அதாவது அப்பாவின் அண்ணன், எங்கள் குடும்பத்துக்குத் தலைவர், எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தில் அடிமேல் அடி வைத்து இடம் அளந்தார். கூரை போட்டு இன்னொரு தறி இறக்குவது என்று முடிவு செய்திருந்தார். எங்கள் ஊர்த் தறிக்குத் தரையில் குழி வெட்ட வேண்டும். நெய்கிறவர் குழியில் காலைத் தொங்கவிட்டு மிதிபலகையை மிதித்தபடி விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். அளந்து முடித்துவிட்டு அப்பாவிடம் சொன்னார்:

"தை பொறந்ததும் குழி வெட்டிடலாம். பொண்ணு எட்டாவது முடிச்சிகினு வந்து உக்காந்துக்கட்டும்."

அப்பா தலையாட்டினார். அண்ணன் சொல்லி அவர் தலையாட்டாத நாள் எனக்கு நினைவில்லை. என்னை யாரும் கேட்கவில்லை. பத்தாவது முடித்து டீச்சர் டிரெயினிங் போக வேண்டும் என்று நான் மனசுக்குள் வைத்திருந்தது அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். அம்மாவோ சமையல்கட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். புருஷனுடைய அண்ணன் எதிரில் வந்து பேசுகிற வழக்கம் எங்கள் வீட்டுப் பெண்களுக்கு இல்லை. சொல்ல வேண்டியது இருந்தால் பிள்ளைகளிடம் சொல்லியனுப்ப வேண்டும், இல்லையென்றால் விழுங்கிவிட வேண்டும். அம்மா பத்து வயதில் தறியில் உட்கார்ந்தவள். முழங்கால் வீங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பாள்.

ஒரு வாரம் கழித்து, பிள்ளைகளுக்குக் காய்கறி போதவில்லை, மண் செத்துவிட்டது, ஆகவே மண்ணுக்குமேல் மண் போட்டுப் பாத்தி கட்டப்போகிறேன் என்று அப்பாவிடம் சொன்னாள். இதில் தப்பு சொல்ல என்ன இருக்கிறது? அப்பா ஏரி வண்டல் இரண்டு வண்டி அடிக்கச் சொன்னார். உடைந்த ஓடு, கல், ஒடிந்துபோன தறிப்பலகை எல்லாவற்றையும் நானும் அம்மாவும் பொறுக்கி வந்து முழங்கால் உயரத்துக்குச் சுவர் கட்டினோம். அடியில் வைக்கோல், அதன்மேல் சாணம், சாம்பல், அப்புறம் வண்டல். அகலத்துக்கு அம்மா கயிறு எதுவும் தேடவில்லை. தறியில் உட்கார்ந்து ஊடை நூல் நாடாவைக் கைக்குக் கை எறிகிற மாதிரி இரண்டு கையையும் விரித்துக் காட்டி, "இவ்ளோதான்" என்றாள். ஒரு புடவை அகலம். அதற்குமேல் போனால் ஓரத்தில் குந்தியபடி நடுப்பாத்திக்குக் கை எட்டாது, பாத்திக்குள் கால் வைக்க வேண்டிவரும், மிதித்தால் மண் இறுகிவிடும்.

மூன்றாவது பாத்தி கட்டும்போதுதான் பார்த்தேன். பெரியப்பா அளந்த இடம் எதுவோ அங்கே ஒரு சாண்கூட மிச்சமில்லாமல் மூன்று பாத்தியும் உட்கார்ந்திருந்தன. அம்மாவைப் பார்த்தேன். "வாய மூடிகினு மண்ண கொட்டு" என்றாள். கொட்டினேன்.

பாத்தியை இடித்துவிட்டுக் குழி வெட்ட எவ்வளவு நேரமாகும்? அம்மாவுக்கு அதுவும் தெரியும். அவள் நம்பியது பெரியப்பாவின் பக்தியை. காய்த்துக்கொண்டிருக்கிற செடியில் கத்தி வைத்தால் குடும்பத்துக்கு ஆகாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். பெரியப்பா அதில் படுகெட்டி. அதேபோல் ஆடியிலும் மார்கழியிலும் அவர் எந்த வேலையும் புதிதாகத் தொடங்கமாட்டார். எனவே மற்ற மாதங்களில் நல்ல நாள் வருகிறபோதெல்லாம் மூன்று பாத்தியிலும் ஏதாவது காய்த்துத் தொங்க வேண்டும். அவ்வளவுதான் கணக்கு. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நான் நாள்காட்டியில் முகூர்த்த நாட்களைப் படித்துச் சொல்வேன். அவள் விரலை மடக்கிப் பின்னாலிருந்து எண்ணுவாள். வெண்டைக்கு ஒன்றரை மாதம், புடலைக்கு இரண்டு, கத்தரிக்கு இரண்டரை, கொடி அவரைக்கு ஐந்து. ஒன்று ஓய்வதற்குள் அதன் காலடியிலேயே அடுத்த விதை ஊன்றியாக வேண்டும்.

தை வந்தது. பெரியப்பா கடப்பாரையோடு வந்தார். ஆடியில் போட்ட அவரை பந்தல் கொள்ளாமல் சடைசடையாய்த் தொங்கியது. சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு, "காச்சிகினு இருக்கிற கொடில எப்டி கைய வெக்கறது? ஓயட்டும், பங்குனில பாத்துக்கலாம்" என்று போய்விட்டார். அன்று மத்தியானம் அம்மா அவர் வீட்டுக்கு ஒரு தூக்கு நிறைய அவரைக்காய்ப் பொரியல் கொடுத்தனுப்பினாள். பங்குனியில் புடலை காய்த்தது. வைகாசியில் வெண்டை. நான் ஒன்பதாவது போனேன். ஆவணியில் கத்தரி, மறு தையில் மறுபடியும் அவரை. ஒவ்வொரு முறையும் கடப்பாரை வரும், திரும்பிப் போகும், பின்னாலேயே தூக்கு போகும். "இந்தப் பொயக்கடையால பெரிய பேஜாரா பூடுச்சுடா" என்று பெரியப்பா அப்பாவிடம் புலம்பினார். நான் சமையல்கட்டில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

கெடுத்தது நான்தான். ஒன்பதாவது பரீட்சை முடிந்த கோடை. கிணறு அடியில் போய்விட்டது, ஒரு குடம் சேந்துவதற்குள் தோள் கழன்றுவிடும். அண்டாவில் நூல் வேகவைத்த தண்ணீர் ஆறிக் கிடந்தது. மண்ணைக் கெடுத்தது சாயம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இதில் சாயம் இல்லையே, பட்டு நூலையே பளபளவென்று ஆக்குகிற தண்ணீர் செடிக்கு என்ன செய்துவிடும்? எதற்கு வீணாக்குவது என்று மூன்று பாத்திக்கும் வாரி ஊற்றினேன். நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளையைத் தவிர வேறு யாருக்கும் இந்தப் புத்தி வராது. மூன்றாம் நாள் புடலை இலை ஓரம் கருகியது. ஒரு வாரத்தில் கொடி, பிஞ்சு, கத்தரி நாற்று எல்லாம் தீய்ந்து சருகாயின. நான் பாத்தி ஓரத்தில் உட்கார்ந்து அழுதேன். அம்மா அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் நாள்காட்டியைக் கழற்றி வந்து என் மடியில் போட்டு, அடுத்த முகூர்த்தம் என்றைக்கு என்று கேட்டாள். ஒன்பது நாள் இருந்தது. ஒன்பது நாளில் காய்க்கிற செடி உலகத்தில் இல்லை.

வைகாசியில் அந்த நாள் காலையில் பெரியப்பா கூலிக்காரர் ஒருவரோடு வந்தார். காய்ந்த பாத்தியைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். தேங்காய் உடைத்துக் கற்பூரம் ஏற்றினார். கடப்பாரையை ஓங்கப்போகிற நேரத்தில், அம்மா கதவைத் தாண்டி வெளியே வந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நேரே அவர் எதிரில் போய் நின்றாள்.

"எம் பொண்ணு தறில உக்கார மாட்டா மாமா" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "நீங்க குழி வெட்டிக்கங்க. ஆனா அவ உக்கார மாட்டா. அவ பத்தாவது படிக்கப் போறா."

பெரியப்பா கடப்பாரையைத் தரையில் ஊன்றினார். அம்மாவின் குரலை இவ்வளவு பக்கத்தில் அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. அப்பாவைப் பார்த்தார், அப்பா தரையைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்து, "நீ இன்னாம்மா சொல்ற?" என்றார். பதினாலு வருஷத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. சொன்னேன்: நான் பள்ளிக்கூடம் போறேன் பெரியப்பா.

அவர் அம்மாவின் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

"இத அன்னிக்கே சொல்லிகிறதுதானே? ரெண்டு வருஷமா எதுக்கு எனக்குப் புடலங்கா போட்டுகினு இருந்த?"

சொல்லியிருந்தால் கேட்டிருப்பாரா? நிச்சயமாகக் கேட்டிருக்கமாட்டார். முதல் வருஷம் சொல்லியிருந்தால் அப்பாவையும் சேர்த்துத் திட்டிவிட்டு அன்றைக்கே குழி வெட்டியிருப்பார். இரண்டு வருஷம் தள்ளிப்போனதில்தான் நான் ஒன்பதாவது முடித்தவளாக, ஓர் ஆளாக, அவர் எதிரில் நிற்க முடிந்தது. அதை நான் இன்றைக்கும் யாரிடமும் விட்டுக்கொடுக்கமாட்டேன். குழி பிறகு அவர் வீட்டு வாசல் அறையில் வெட்டப்பட்டது. அதில் பெரியப்பாவே உட்கார்ந்து நெய்தார். நான் பத்தாவது முடித்தேன், டிரெயினிங் போனேன், போளூர்ப் பக்கம் பள்ளிக்கூடங்களில் முப்பது வருஷத்துக்குமேல் வாத்தியார் வேலை பார்த்தேன்.

இன்றைக்கு அந்தக் கொல்லைப்புறம் இல்லை. அப்பாவும் பெரியப்பாவும் போன பிறகு வீடு கைமாறி, பின்பக்கம் முழுக்க சிமெண்ட் தளமாகிவிட்டது. பாத்திகள் அதற்கு வெகுகாலம் முன்பே போய்விட்டன; அந்த வைகாசிக்குப் பிறகு அம்மா ஒரு விதைகூடப் போடவில்லை. சுவர் சரிந்தது, வண்டல் மழையில் கரைந்தது, ஆடுகள் ஏறிப் படுத்துக்கொண்டன. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இப்போது அம்மா என்னோடு இருக்கிறாள். போன மாதம், என்னோடு வேலை பார்த்த டீச்சர் ஒருவர் தன் மாடியில் விளைந்த கத்தரிக்காய் கொண்டுவந்து கொடுத்தார். நம் மாடியும் சும்மாதானே கிடக்கிறது, உனக்குத்தான் எல்லாம் தெரியுமே, இரண்டு பாத்தி போடலாமா என்று அம்மாவைக் கேட்டேன். அவள் என்னைப் பைத்தியக்காரியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"எதுக்கு? இங்க யாரு குழி வெட்ட வராங்க?"