சிவக்காத மஞ்சள்

எங்கள் வரிசை வீடுகளின் பொதுக் கொடியில், புடவைகளுக்கும் சட்டைகளுக்கும் நடுவே, விரல் அகலத்துக்குக் கிழித்த மஞ்சள் துணி நாடாக்கள் காய்ந்துகொண்டிருந்தன. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு தசரா வாரம். அண்ணனின் பழைய வெள்ளை வேட்டியைக் கிழித்து, மஞ்சள் கரைத்த நீரில் நனைத்து, அண்ணிதான் அவற்றைக் கொடியில் போட்டிருந்தார். பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, "ஏனம்மா, மனேல மதுவேனா?" என்று கேட்டார். வீட்டில் கல்யாணமா என்று கேலி. அண்ணி மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவர். கன்னடத்தில் யாருக்கும் சளைக்கமாட்டார். "ஹவுதக்கா, நம் தொட்டிகெ மதுவே" என்றார். ஆமாம், எங்கள் தொட்டிக்குத்தான் கல்யாணம்.

தொட்டி என்று அவர் சொன்னது கம்பெனியின் கழிவுநீர்த் தொட்டியை. ஹெப்பாள் தொழிற்பேட்டையில் இரும்புச் சாமான்களுக்கு முலாம் பூசும் அந்தக் கம்பெனியில் அண்ணியும் நானும் ஒரே ஷிஃப்ட். துரு போக ஆசிடில் முக்கிய சாமான்களைக் கழுவிய தண்ணீரெல்லாம் எங்கள் தொட்டிக்கு வரும். அதில் சுண்ணாம்புப் பாலை ஊற்றிக் கலக்கி, ஆசிடை முறித்து, தெளியவிட்டுத்தான் வெளியே விட வேண்டும். முறிந்ததா என்று பார்க்க பிஎச் பேப்பர் இருந்தது. தண்ணீரில் தொட்டால் நிறம் மாறும். ஏழு என்றால் நடு; நல்ல தண்ணீர். ஏழுக்குக் கீழே போனால் ஆசிட், மேலே போனால் காரம். நான் சத்தியமங்கலத்தில் மாமா வீட்டில் தங்கிப் பத்தாவது வரை தமிழில் படித்தவன். முதல் நாள் பெருமையாக, "இதுக்குக் காரம் சேக்கணும் அண்ணி" என்றேன். "ஏன், மிளகாப்பொடி நம்ம வீட்டுலயிருந்து கொண்டாரணுமா?" என்றார். அதன் பிறகு நான் சுண்ணாம்பு என்றே சொன்னேன்.

அந்த எண்கள் பார்க்கத்தான் சாது. ஐந்துக்கும் ஆறுக்கும் ஒன்றுதான் வித்தியாசம் என்று தோன்றும். உண்மையில் ஐந்தில் இருக்கிற தண்ணீர் ஆறில் இருப்பதைவிடப் பத்து மடங்கு ஆசிட். அதனால் மூன்றிலிருந்து நகர்த்த வாளி வாளியாகச் சுண்ணாம்பு விழும், பேப்பர் அசையாது. ஏழுக்குப் பக்கத்தில் வந்ததும் இரண்டு குவளை கூடினால் போதும், பத்தைத் தாண்டி ஓடிவிடும். ஒருமுறை அப்படி ஓடி, சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் அண்ணியைத் திட்டினார். அந்தப் பயம் அவரிடம் தங்கிவிட்டது.

பயத்துக்குக் காரணம் இருந்தது. அண்ணன் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து, இடுப்பு அடிபட்டுப் படுக்கையில் இருந்தார். ஆபரேஷன் செய்தால் நடப்பார் என்றார்கள். அண்ணி அப்போது கான்ட்ராக்ட் ஆள். பர்மனென்ட் ஆனால் குடும்பத்தின் ஆஸ்பத்திரிச் செலவைக் கம்பெனி ஏற்கும். தசரா முடிந்ததும் மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் வந்து தண்ணீரைச் சோதிப்பார்கள், அது நல்லபடி முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். அந்த நேரம் பார்த்து பிஎச் பேப்பர் தீர்ந்துபோனது. பெங்களூரிலிருந்து வர வேண்டும்; விடுமுறைக்குப் பிறகுதான் வரும் என்றார் ஸ்டோர்காரர்.

அப்போதுதான் அண்ணிக்கு மஞ்சள் நாடா தோன்றியது. மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும் என்பது ஆரத்தி கரைக்கிற எந்தப் பெண்ணுக்கும் தெரியும். ஆயுதபூஜை அன்று காலையில் சுண்ணாம்புப் பாலை ஊற்றி ஊற்றி நாடாவை நனைத்துப் பார்த்தோம். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. "சிவக்கல தம்பி. சுண்ணாம்பு ஜாஸ்தி ஆகல. சாக்கு, நிறுத்து" என்றார். போதும் என்பதைப் பாதி நேரம் சாக்கு என்றுதான் சொல்வார். எனக்கும் சரியாகவே பட்டது. தொட்டி கலக்கும் துடுப்பைக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்து, மற்ற கருவிகளோடு பூஜைக்குச் சாய்த்து வைத்தேன்.

மத்தியானம் கம்பெனி வேனுக்குப் பூஜை. ஆரத்தி எடுத்தது அண்ணிதான். சிவந்த நீரை வேனுக்கு முன்னால் தரையில் ஊற்றினார். டிரைவர் வண்டியை நகர்த்த, டயருக்கு அடியில் வைத்திருந்த எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. எல்லோரும் கைதட்டிவிட்டுக் கடலைப்பொரி வாங்க நகர்ந்தார்கள். அண்ணி மட்டும் தட்டைப் பிடித்தபடி தரையையே பார்த்துக்கொண்டு நின்றார். எலுமிச்சைச் சாறு ஓடிய இடத்தில் ஆரத்தியின் சிவப்பு போய், பழையபடி மஞ்சள் ஆகியிருந்தது.

"தம்பி, புளிப்புலயும் இது மஞ்சள்தானா?"

"ஆமாங்க அண்ணி."

"அப்ப காலையில அது நமக்கு என்னத்தச் சொல்லுச்சு?"

மஞ்சள் ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை. சுண்ணாம்பு கூடினால் மட்டும்தான் அது வாய் திறக்கும். ஆசிடானாலும் நல்ல தண்ணீரானாலும் அது ஒரே மாதிரி இருக்கும். தட்டின் அடியில் மிச்சமிருந்த ஆரத்தியில் ஒரு நாடாவை நனைத்துச் சிவக்க வைத்துக்கொண்டு தொட்டிக்கு ஓடினார். தண்ணீரில் தொட்டதும் சிவப்பு சட்டென்று மறைந்தது. தொட்டி இன்னும் ஆசிடாகவே இருந்தது. அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிறலை, அண்ணன் விழுந்த அன்றைக்குப் பிறகு அன்றுதான் பார்த்தேன்.

பூஜை போட்ட கருவியை அன்று தொடக் கூடாது. நான் துடுப்பைப் பார்ப்பதைக் கண்ட வாட்ச்மேன், "முட்ட பேடப்பா, தேவரு கோப்ப மாட்கோத்தாரெ" என்று பொரியை மென்றபடி மிரட்டினார். தொடாதே, சாமி கோபித்துக்கொள்ளும் என்று. பந்தலுக்குக் கொண்டுவந்து மிச்சமாகிக் கிடந்த ஒரு மூங்கிலை அண்ணி இழுத்து வந்தார். "துடுப்புக்குத்தான லீவு? மூங்கிலுக்கு இல்லையே!" அவர் குவளை குவளையாக ஊற்ற, நான் மூங்கிலால் கலக்கினேன். இந்த முறை இரண்டு நாடாக்கள். மஞ்சள் சிவக்காமலும், சிவப்பு வெளுக்காமலும் இருக்கிற இடம்தான் நடு. அங்கே வந்ததும் அண்ணி குவளையைக் கவிழ்த்துவைத்து, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

விடுமுறை முடிந்து அதிகாரிகள் வந்தார்கள். தங்கள் பேப்பரை நனைத்து, நிறத்தை ஒப்பிட்டு, ஏழு என்றார்கள். மேனேஜர் முகம் மலர்ந்து, ஆண்பிள்ளை என்பதாலோ என்னவோ என்னைப் பார்த்து, "யாரு மாடித்து இதன்ன?" என்று கேட்டார். யார் செய்தது இதை என்று. பெரியவர்கள் முன்னால் எனக்கு எப்போதும் நாக்கு எழாது. தலையாட்டினாலே என் பெயருக்குப் போய்விடும் என்று தெரிந்தது. அடித்தொண்டையிலிருந்து ஒரே ஒரு சொல் வந்தது. "அண்ணி."

"அண்ணானா?" என்றார் மேனேஜர். "நிம் அண்ணா இல்லி கெலசா மாட்தாரா?" உன் அண்ணன் இங்கே வேலை செய்கிறாரா என்று.

கன்னடத்தில் அண்ணி கிடையாது, அத்திகெதான். படுக்கையில் கிடக்கிற என் அண்ணன் வந்து தொட்டி கலக்கியதாக அவர் நினைத்துவிட்டார். எனக்கு அத்திகெ என்ற சொல் அந்த நேரம் வரவே இல்லை. "அண்ணி, அண்ணி" என்று பின்னால் கையைக் காட்டினேன். அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திச் சிரிப்பை அடக்கியபடி முன்னால் வந்தார். "அண்ணி அந்த்ரெ நானே சார்." அண்ணி என்றால் நான்தான் என்று. அதை அவருடைய பெயர் என்றே மேனேஜர் எடுத்துக்கொண்டார். "வெரி குட், அண்ணி" என்றார்.

கொஞ்ச காலத்தில் அவரைப் பர்மனென்ட் ஆக்கினார்கள். பெயரை யாரும் திருத்தவில்லை. மேனேஜருக்கு, டிரைவருக்கு, பிறகு வேலைக்கு வந்த பிள்ளைகளுக்கு, எல்லோருக்கும் அவர் அண்ணிதான். சென்ற மாதம் அவருக்குப் பணி ஓய்வு விழா நடந்தது. தொட்டியருகே இப்போது எண் காட்டுகிற மீட்டர் இருக்கிறது. மஞ்சளுக்கு வேலை இல்லை. அண்ணன் கைத்தடி ஊன்றி, வாசலிலிருந்து மேடை வரை தானே நடந்து வந்தார். புது மேனேஜர், சின்ன வயதுப் பையன், நாற்காலியை இழுத்துப் போட்டு, "நீவு அண்ணி யஜமான்ரா சார்?" என்று மரியாதையாகக் கேட்டார். அண்ணியின் வீட்டுக்காரரா என்று.

அண்ணன் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு என் பக்கம் சாய்ந்தார். "பார்த்தியாடா, இந்தக் கம்பெனியிலயே எனக்கு மட்டுந்தான் அவ அண்ணி இல்ல."