நான்கு வாரமும் குறை இல்லை

செய்தி வந்தபோது காலை மணி பதினொன்று இருபது. லிப்ட் மெக்கானிக் அப்போது ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்றில் லிப்ட் பெட்டியின் தலைமேல் நின்று, கதவு உருளைகளுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். போனில் மனைவி. அவளுடைய தம்பி, உடம்பு சரியில்லை என்று அன்று வேலைக்கு வராமல் படுத்தவன், எழுந்திருக்கவில்லை என்றாள். இவர் "சரி" என்றார். மிச்சமிருந்த இரண்டு கதவுகளுக்கும் எண்ணெய் விட்டார். பதிவேட்டில் நேரம் குறித்து, 'குறை இல்லை' என்று எழுதி, கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் கீழே இறங்கினார். அந்தச் "சரி"யை மனைவி இன்றுவரை மன்னிக்கவில்லை.

மைத்துனனும் அவரும் பதினாறு வருடம் ஒரே ஜோடியாக வேலை பார்த்தவர்கள். ஒருவர் ஷாப்ட்டுக்குள், அதாவது லிப்ட் ஓடும் அந்த உயரமான இருட்டுக்குள், பெட்டியின்மேல் நிற்பார். இன்னொருவர் மொட்டைமாடி மோட்டார் அறையில் இருப்பார். உள்ளே நிற்பவர் சொன்னதை மோட்டார் அறைக்காரர் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் உள்ளே நிற்பவர் தன் கைப்பக்கத்து ஸ்விட்சை விடுவிப்பார். அதற்குப் பிறகே பெட்டி அசையும். இவர் "ரெண்டடி இறக்கு" என்றால், "ரெண்டடி இறக்கறேன் மாமா" என்று மேலிருந்து வரும். அந்த 'மாமா' விதியில் கிடையாது.

மைத்துனன் போன பிறகு ஜோடியாக வந்தவருக்குப் பட்டப்பெயர் ரேடியோ. ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கும் ஆள். வாய் மூடத் தெரியாதவர். ஒரு நாள் இவர் உள்ளிருந்து "ரெண்டடி இறக்கு" என்றார். ரேடியோ விதிப்படி திருப்பிச் சொன்னார். பெட்டி அசையவில்லை. மூன்று தடவை தொண்டை கிழியச் சொல்லிப் பார்த்துவிட்டு, மூச்சிரைக்க ஆறு மாடி இறங்கிக் கதவைத் திறந்தால், மெக்கானிக் ஸ்விட்சில் கை வைத்தபடி மேலே அண்ணாந்து நிற்கிறார்.

"என்னப்பா ஆச்சு?"

"இன்னும் பதில் வரலையே."

ரேடியோவுக்கு வியர்த்துவிட்டது. வாழ்க்கையில் அவரை ஊமை என்று யாரும் சொன்னதில்லை. மறுநாளே மேனேஜரிடம் போய்ச் சொன்னார். மேனேஜர் கெட்டவர் அல்ல. கம்பெனி செலவில் ஆறு வாரம் கவுன்சிலிங் போய் வரச் சொன்னார். அதுவரை ஷாப்ட்டுக்குள் இறங்கக் கூடாது என்றார். மெக்கானிக்கின் காதில் இரண்டாவது பாதி மட்டுமே விழுந்தது. ஷாப்ட்டுக்கு வெளியே தனக்கு என்ன தெரியும் என்பது அவருக்கே தெரியாது.

கவுன்சிலிங் என்றால் என்ன என்று அவர் யாரையும் கேட்கவில்லை. கேட்காமலேயே எல்லோரும் சொன்னார்கள். அங்கே போனால் மாத்திரை கொடுத்தே தூங்க வைத்துவிடுவார்கள் என்றாள் அண்ணி. அழாமல் விடமாட்டார்கள், கைக்குட்டை எடுத்துக்கொண்டு போ என்றார் அண்ணன். ரேடியோ, தான் மூட்டிய நெருப்பில் தானே எண்ணெய் ஊற்றுவதுபோல, அங்கே சொல்வது அத்தனையும் ஆபீஸ் பைலில் ஏறிவிடும், ஏறினால் இறங்காது என்றார். இவர்களில் ஒருவர்கூட அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. போய் வந்த ஒரே ஆள் மேனேஜரின் டைப்பிஸ்ட். அவளிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை.

மெக்கானிக் தனக்குத் தெரிந்த ஒன்றோடு இதைப் பொருத்திக்கொண்டார். வருடத்துக்கு ஒரு தடவை லிப்ட் இன்ஸ்பெக்டர் வருவார். அதற்கு முந்தின நாள் எல்லா லிப்டும் நல்ல பிள்ளையாகிவிடும்: துடைத்து, கிரீஸ் போட்டு, சத்தம் வரும் இடத்தில் ஒரு ரப்பர் துண்டைச் செருகி வைப்பார்கள். இன்ஸ்பெக்டர் பார்ப்பார், கையெழுத்துப் போடுவார், போய்விடுவார். ஆக இதுவும் அதுதான். முகம் மழித்து, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு, பரீட்சைக்குப் போவதுபோல் போனார்.

அறையில் இரண்டு நாற்காலி, ஒரு சின்ன மேஜை, ஒரு கடிகாரம். ஆலோசகர் அம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். இவர் உள்ளே வந்ததும் கதவு பின்னால் கிறீச்சிட்டுச் சாத்திக்கொண்டது. மேலே, கதவைத் தானாகச் சாத்த வைத்திருக்கும் இழுப்புக் கையில் எண்ணெய் வற்றிவிட்டது, இரண்டு சொட்டுப் போதும். அந்த அம்மாள் ஒரு தாளை நீட்டி ஏதேதோ விளக்கினார். இவர் கதவைப் பார்த்தபடியே தலையாட்டி, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

தூக்கம்? எட்டு மணி நேரம். பசி? நல்லாவே. வேலையில் கவனம்? ஒரு குறையும் இல்லை. மைத்துனனைப் பற்றி? நல்ல பையன். அடுத்த வாரம் அதே பதில்கள், அதற்கடுத்த வாரமும் அதேதான். இடையில் அந்த அம்மாள் பேசாமல் இருப்பார். இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோன லிப்டில் யாரோ ஒருவரோடு மாட்டிக்கொண்டதுபோல் இருக்கும் இவருக்கு. ஐம்பதாவது நிமிடம் ஆனதும், அடுத்த வாரம் இதே நேரம் என்பார். இன்ஸ்பெக்டர் மாதிரி அவர் போட வேண்டிய கையெழுத்தைப் பற்றி மட்டும் பேச்சே எடுக்கவில்லை.

நான்காவது வாரம் வீடு திரும்பியபோது மனைவிக்குப் பொறுமை போய்விட்டது. அவளும் தம்பியைப் பறிகொடுத்தவள். அவளை யாரும் எங்கும் அனுப்பவில்லை.

"வீட்ல ஒரு வார்த்தை பேசறதில்ல. அங்க போய் அப்படி என்னதாங்க பேசுறீங்க?"

"எட்டு மணி நேரம் தூங்கறேன்னு சொன்னேன்."

"எந்த வீட்ல?"



ஐந்தாவது வாரம் உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார்.

"இன்னும் எத்தனை தடவைங்க? நாலு தடவை வந்தாச்சு. எங்கிட்ட ஒரு குறையும் நீங்க கண்டுபிடிக்கல. கையெழுத்தப் போட்டுக் குடுத்தா நான் பாட்டுக்கு வேலைக்குப் போவேன்ல?"

"எதுல கையெழுத்து?"

"நான் ஷாப்ட்டுக்குள்ள போகலாம்னு."

"அது என் வேலையே இல்லைங்க. அதை உங்க கம்பெனி டாக்டர்தான் பாத்து முடிவு பண்ணணும். நான் கம்பெனிக்குச் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான். நீங்க வந்தீங்களா, வரலையா. அதுவும் சொல்லலாம்னு நீங்க எழுதிக் குடுத்ததால."

"நானா எழுதிக் குடுத்தேன்?"

அந்த அம்மாள் தாளை எடுத்து மேஜையில் வைத்தார். அடியில் இவருடைய கையெழுத்து, சுழி உட்பட. ஒரு போல்ட்டில் ஸ்பேனர் வைத்துப் பார்க்காமல் எந்தப் பதிவேட்டிலும் கையெழுத்துப் போடாத மனுஷன், தன்னைப் பற்றிய தாளைப் படிக்காமலேயே போட்டுக் கொடுத்திருந்தார்.

விரலை வரிக்குக் கீழே நகர்த்தி நகர்த்தி முழுவதையும் படித்தார். இங்கே பேசுவது வெளியே போகாது. யாருடைய உயிருக்காவது ஆபத்து என்றால் மட்டும் விலக்கு. மாத்திரை எழுதுவது டாக்டரின் வேலை, இங்கே கிடையாது. பதில் சொல்லப் பிடிக்காத கேள்விக்குச் சொல்ல வேண்டாம். ஒத்துவரவில்லை என்றால் வேறு ஆலோசகரைக் கேட்கலாம், கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அழ வேண்டும் என்று எங்கேயும் போட்டிருக்கவில்லை. ஒரு மாதம் தூக்கம் கெட்டு அலைந்ததற்கெல்லாம் பதில் ஒரே பக்கத்தில் இருந்தது.

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேங்க. நீங்க கதவையே பாத்துக்கிட்டு இருந்தீங்க. அடுத்த வாரமாவது கேக்கட்டும்னு நானும் விட்டுட்டேன். திரும்பச் சொல்லியிருக்கணும்."

யார்மேல் எரிந்து விழுவது என்று அவருக்குத் தெரியவில்லை. அண்ணன், அண்ணி, ரேடியோ என்று மூன்று பேரையும் மனசுக்குள் ஒரு சுற்றுத் திட்டி முடித்தார். பிறகு தாளை மறுபடி இழுத்து ஒரே ஒரு வரியில் விரலை வைத்தார்.

"வீட்டுக்கும் போகாதா?"

"போகாது. நீங்களாச் சொன்னாத்தான் உண்டு."

கடிகாரத்தைப் பார்த்தார். மைத்துனன் இறந்த அன்று காலை ஆறேகாலுக்கு அவன் இவருக்குப் போன் செய்திருந்தான். நெஞ்சு ஒரு மாதிரி இருக்கு மாமா என்றான். வாயுவாக இருக்கும், லீவு போட்டுப் படு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று இவர்தான் சொன்னார். மனைவி அப்போது துணி துவைத்துக்கொண்டிருந்தாள். இதை அவர் இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. அந்த அம்மாளிடம் இரண்டே வாக்கியத்தில் சொல்லி முடித்தார்.

'உங்கள் தப்பு இல்லை' என்று வரும் என எதிர்பார்த்தார்; அதற்குத் திருப்பியடிக்கப் பதிலும் தயாராக இருந்தது. அது வரவில்லை.

"போனை வச்சுட்டு என்ன செஞ்சீங்க?"

"குளிச்சேன். வேலைக்குப் போனேன்."

"ம். அந்தக் காலையைக் கொஞ்சம் சொல்லுங்க."

அவருக்கு எரிச்சலாக வந்தது. ஆனாலும் சொன்னார். மிச்சமிருந்த முப்பது நிமிடமும் அதற்கே போய்விட்டது. கிளம்பும்போது அந்த அம்மாள், இந்த வாரம் பாரம் கூடின மாதிரி இருக்கலாம், தாங்க முடியாமல் போனால் அடுத்த வாரத்துக்குக் காத்திருக்காமல் கூப்பிடுங்கள் என்று எண் கொடுத்தார். கூடத்தான் செய்தது. சொன்னபடியே நடந்தது அவருக்கு இன்னும் எரிச்சல்.

ஆறாவது வாரம் முடிந்து கம்பெனி டாக்டர் முன்னால் உட்கார்ந்தபோது, தூக்கம் எப்படி என்ற கேள்விக்கு "மூணு மணி நேரம்" என்றார். டாக்டர் இன்னும் இரண்டு மாதம் ஷாப்ட் வேண்டாம் என்று எழுதிவிட்டார். உண்மை சொன்னதற்குக் கிடைத்த பரிசு என்று ரேடியோவிடம் புலம்பினார். ரேடியோ முதல் தடவையாக ஒன்றும் சொல்லவில்லை. மனைவியிடம் அந்த ஆறேகால் போனைப் பற்றி மெக்கானிக் இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்பதைத்தான் இப்போது வாராவாரம் அந்த அறையில் பேசுகிறார். ஆறோடு முடியவேண்டியது பதினொன்றாகிவிட்டது. நீட்டிக்கச் சொல்லிக் கேட்டவர் அவரேதான்.

சும்மா உட்கார வேண்டாம் என்று மேனேஜர் ஷாப்ட்டுக்கு வெளியே ஒரு வேலை கொடுத்திருக்கிறார். ஒவ்வொரு லிப்டுக்குள்ளும் பொத்தான்களுக்கு மேலே, அவசரத்துக்கு அழைக்க இரண்டு எண்கள் போட்ட தகடு இருக்கும். இரண்டாவது எண் மைத்துனனுடையது. புதிய தகட்டில் ரேடியோவின் எண். ஒரு லிப்டுக்கு நான்கு திருகாணி, பத்து நிமிட வேலை. மொத்தம் நாற்பத்தொரு லிப்ட். இருபத்தாறில் மாற்றியாகிவிட்டது. பதினைந்தில் பழைய தகடே இருக்கிறது.