எங்கள் சமையலறை வழியாகப் போன கால்வாய்

நீல நிறக் கோலப்பொடியைப் பார்த்தால் எனக்கு இன்றும் பயம். மார்கழியில் யாராவது வாசலில் மயில் போட்டு அதன் கழுத்துக்கு நீலம் தூவிக்கொண்டிருந்தால்கூட, பைக்கைத் திருப்பி வேறு தெரு வழியாகப் போய்விடுவேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். தன் வீட்டின் மேல் நீலப்பொடி விழுவதை அவர்கள் பார்த்ததில்லை.

செய்யூரிலிருந்து கடப்பாக்கம் போகிற வழியில் இருக்கும் சின்ன ஊராட்சி எங்களுடையது. என் மனைவி அதில் வார்டு மெம்பர். நான் மெம்பர் வீட்டுக்காரர். எங்கள் பக்கத்தில் இந்தப் பதவிக்குத் தனி மரியாதை உண்டு. மெம்பரை வீட்டில் உட்கார வைத்துவிட்டு, வீட்டுக்காரர் வெள்ளை வேட்டியோடு ஒன்றிய அலுவலகத்தில் நாற்காலி தேடுவார். என் துரதிர்ஷ்டம், என் மனைவி வீட்டில் உட்காருகிற ரகமில்லை. அவளைக் கூட்டத்துக்குக் கொண்டுபோய் விடுவதும் முடிந்ததும் கூட்டிவருவதும்தான் என் அரசியல்.

அன்றும் விடத்தான் போனேன். ஊராட்சிக்கு ஒரு சுற்றுச்சூழல் திட்டம் போட வேண்டும், அதற்கு ஊர் மக்களே ஊரின் படத்தை வரைய வேண்டும் என்று ஒன்றிய அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தார். காகிதத்தில் இல்லை, தரையில். பள்ளிக்கூட மைதானத்தைப் பெருக்கித் தண்ணீர் தெளித்து வைத்திருந்தார்கள். வீட்டுக்குச் சிவப்பு, மரத்துக்குப் பச்சை, தண்ணீருக்கு நீலம் என்று கோலப்பொடிப் பொட்டலங்கள். ஏரி எங்கே, குப்பை எங்கே சேர்கிறது, மழைக்கு எந்தத் தெரு முழுகும் என்று பெண்கள் குனிந்து வரைந்துகொண்டே போனார்கள். அதைப் படம் எடுத்துக்கொண்டு போய், எந்த வேலையை முதலில் எடுப்பது என்று முடிவு செய்வார்களாம். நாங்கள் ஆண்கள் வேப்பமரத்தடியில் நின்று, பொங்கல் கோலப்போட்டி சீக்கிரமே வந்துவிட்டது என்று கேலி பேசிக்கொண்டிருந்தோம்.

என் அக்கா காலனியிலிருந்து வந்திருந்தாள். நானும் பிறந்து வளர்ந்தது அங்கேதான். மாமா இறந்த பிறகு அவள் தனியாக இருக்கிறாள். ஆயுசுக்கும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டதில் முழங்கால் இரண்டும் போய்விட்டன. குனிய முடியாததால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து என் மனைவிக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தாள்.

“ஏரி ரொம்பிச்சின்னா மிச்சத் தண்ணி கலங்கல்ல வழிஞ்சி இப்டி வரும். இன்னும் கொஞ்சம் இந்தாண்ட இழு. இங்கதான் நாங்க நத்த பொறுக்குவோம். அப்டியே நேரா உப்பங்கழி வரைக்கும் போ.”

என் மனைவி பொடியை விட்டுக்கொண்டே பின்பக்கமாக நடந்து வந்தாள். நீலக் கோடு, புதிதாக மனை போட்டு விற்ற எங்கள் நகரின் சிவப்புக் கட்டங்களுக்கு முன்னால் வந்து நின்றது. அவள் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தாள்.

“நேராவா அண்ணி?”

“கால்வாய் நேராத்தான் போச்சி.”

அவள் மறுபடி குனிந்தாள். கோட்டை எங்கள் வீட்டின் பின்பாதி மேலேயே இழுத்துக்கொண்டு போனாள். மரத்தடியில் யாரும் கேலி பேசவில்லை.

அந்த வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வம்சத்தில் யார் பெயரிலும் ஒரு சாண் நிலம் இருந்ததில்லை. மறைமலை நகர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் நான் ஷிப்டுக்கு மேல் ஷிப்டு பார்த்து வாங்கிய மனைதான் முதல் பட்டா. வாங்கியது கோடையில். செம்மண் கொட்டி மேடாக்கி, கல் நட்டு, கலர் கொடி கட்டி வைத்திருந்தார்கள். கால்வாய் ஓடிய அடையாளமே இல்லை. சாலைக்கு அடியில் ஓர் ஆடுகூட நுழைய முடியாத குழாய் ஒன்றைப் புதைத்திருந்தார்கள், அவ்வளவுதான். அனுமதியெல்லாம் சரியாகவே இருந்தது. முதல் செங்கல்லுக்குச் சூடம் காட்டியது அக்காதான். தம்பிக்குச் சொந்த வீடு என்ற சந்தோஷத்தில் அன்று அவளுக்கு நத்தையும் நினைவில்லை, கால்வாயும் நினைவில்லை.

பொடி காற்றில் போய்விடும், படம் ஏதாவது கோப்பில் தூங்கிவிடும் என்று நான் என்னையே தேற்றிக்கொண்டேன். ஆனால் திட்டத்தின் முதல் வேலையாக அந்தக் கால்வாயைத் திரும்ப வெட்டுவது என்றே எழுதிவிட்டார்கள். ஒன்றியத்து ஓவர்சியர் டேப்போடு வந்து அளந்தார். எங்கள் தெருவில் சில வீடுகளின் பின்பக்கம் போகும். எங்களுக்குச் சமையலறையும் அதற்குப் பின்னால் இருக்கும் கழிவுத் தொட்டியும்.

“முன்பக்கம் நிக்குமா சார்?” என்று கேட்டேன்.

“நிக்கும்” என்றார். டேப்பைச் சுருட்டிக்கொண்டே, “நிக்கணும்” என்றார்.

அந்த இரண்டாவது வார்த்தை என் தூக்கத்தைத் தின்றுவிட்டது. சாப்பிடும்போது சுவரைப் பார்ப்பேன். தெருவில் ஜேசிபி சத்தம் கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவேன். யாரோ செப்டிக் டேங்க் தோண்டிக்கொண்டிருப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர், ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர், அவர் வீட்டிலும் பின்பக்கம் போகிறது, தினமும் வந்து என் பயத்துக்கு எண்ணெய் ஊற்றுவார்.

“அண்ணாத்த, மெம்பரம்மா கையிலதான கீது. கோட்ட கொஞ்சம் காலனிப் பக்கமா வளைக்கச் சொல்லு. அங்க இன்னா, ஓட்டு வூடுங்கதான?”

நான் அந்தக் காலனிக்காரன் என்பது அவருக்குத் தெரியும். அவருக்கு மறந்துவிடும். எனக்கும் அந்த நாட்களில் மறந்திருந்தது என்றுதான் சொல்ல வேண்டும், பயம் அப்படி. மனைவியிடம் சொல்லிப் பார்த்தேன்.

“வளைக்கலாம்ங்க” என்றாள், பாத்திரம் கழுவிக்கொண்டே. “தண்ணி வளையுமா?”

“அடுப்பங்கரை போனா எங்க சமைப்ப?”

“ஹால்ல. இதுக்கா மூஞ்ச இப்டி வெச்சிகினு கீறீங்க?”

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. நீ வரைந்த கோடு, உன் நாத்தனார் சொன்ன வழி, நடுவில் நான் உழைத்துக் கட்டிய சுவர் என்று கத்தினேன். அவள் அடுத்த பாத்திரத்தை எடுத்துக் கழுவினாள். நானாக ஓய்ந்தேன்.

அந்த ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு நாள் மதியம் தொடங்கியது, இரவெல்லாம் விடவில்லை. மறுநாள் காலையில் ஷிப்டு முடிந்து நனைந்துகொண்டே வந்தபோது, ஏரி நிறைந்து கலங்கல் போய்க்கொண்டிருப்பதாகச் சொன்னார்கள். கூடவே, கடல் வாங்கவில்லை என்றும் சொன்னார்கள். கடப்பாக்கம் பக்கத்து மீனவர்கள் வாயில் கேட்டுப் பழகிய பேச்சு அது. கடல் பொங்கி நிற்கிற நாளில் முகத்துவாரம் தண்ணீரைக் கடலுக்குள் விடாது, உப்பங்கழி நிறைந்து பின்னுக்குத் தள்ளும். ஏரி அனுப்புகிறது, கடல் வாங்க மறுக்கிறது, நடுவில் நாங்கள்.

மனைவி விடியும் முன்பே பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாள். காலனி ஜனங்களை அங்கேதான் கொண்டுவந்து சேர்த்துக்கொண்டிருந்தார்கள். போன் செய்தாள்.

“அண்ணி வரல. கூப்பிடப் போனவங்க அந்தத் தெருவுக்குள்ள போவ முடியாம திரும்பிட்டாங்க. நீங்க போங்க.”

எனக்கு நீச்சல் தெரியாது. இது அவளுக்கும் தெரியும்.

காலனி முனையில் இடுப்பளவு. உள்ளே போகப் போக மார்புக்கு வந்தது. தண்ணீர் சத்தமே போடவில்லை, அதுதான் எனக்கு ஆகவில்லை. மாட்டுக் கொட்டகைக் கூரையில் கோழிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. முள்வேலியில் ஒரு பாம்பு சுற்றிக்கொண்டிருந்தது. அதுவும் என்னைப் போலவே பயந்திருந்தது போலும், அசையவில்லை. நான் எல்லா சாமியையும் கூப்பிட்டேன், சண்டை போட்ட சாமியைக்கூட.

அக்கா செங்கல் மேல் ஏற்றிய கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் கட்டில் நாடாவைத் தொட்டுவிட்டிருந்தது. மடியில் ஒரு துணிப்பை.

“நீயாடா வந்த?” என்றாள். அவள் முகத்தில் இருந்தது சந்தோஷமா சந்தேகமா என்று எனக்குத் தெரியவில்லை.

அவளை முதுகில் ஏற்றிக்கொண்டு வெளியே வந்தேன். சில அடி போயிருப்பேன், அவள் கை என் கழுத்தை இறுக்கியது.

“நில்றா. கெணறு.”

காலனி நடுவில் ஒரு பழைய கிணறு உண்டு. கைப்பிடிச் சுவர் இடிந்து எத்தனையோ வருஷம். அதுவும் தண்ணீருக்கு அடியில் எங்கோ வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. எல்லாப் பக்கமும் ஒரே செம்மண் நிறம். ஒரு கால் முன்னால் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. அக்காவின் மூச்சு என் காதில் அடித்துக்கொண்டிருந்தது. நான் அழுதேன். இதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

“முருங்க மரம் தெரியுதா? அத்த இடது கை பக்கம் வெச்சிகினு, செவுத்த ஒட்டி நட. மெதுவா. கால தேச்சி தேச்சி வெய்யி.”

தேய்த்துத் தேய்த்து நடந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. எங்கள் நகர் மேட்டில் கால் ஏறியதும் அக்காவை இறக்கிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அங்கேயிருந்து எல்லாம் தெரிந்தது. ஏரியிலிருந்து நேராக வந்த தண்ணீர் எங்கள் மேட்டில் முட்டி நின்றது. சாலைக்கு அடியில் புதைத்திருந்த அந்த ஆட்டுக் குழாய் சுழித்துச் சுழித்து எவ்வளவோ குடித்தும் அதற்கு மாளவில்லை. மிச்சமெல்லாம் பக்கவாட்டில் திரும்பிக் காலனிக்குப் போய்க்கொண்டிருந்தது. எங்கள் வாசலில், கிளம்பும்போது நான் கழற்றிப் போட்ட செருப்பு போட்ட இடத்திலேயே இருந்தது.

அக்காவைச் சமையலறையில் உட்கார வைத்து அடுப்பைப் பற்ற வைத்தேன். அவள் குளிர்காய்ந்தபடி டைல்ஸ் தரையைக் கையால் தடவிப் பார்த்தாள்.

“இங்கதாண்டா நத்த நெறைய கெடைக்கும்” என்றாள்.

அடுத்து வந்த கிராம சபையில் கண்டக்டர் எழுந்து, கால்வாயைக் காலனிப் பக்கம் வளைத்தால் யார் வீடும் இடிபடாது என்று நாகரிகமாகப் பேசினார். எங்கள் தெருவில் பாதிப்பேர் தலையாட்டினார்கள். தலைவர் என் மனைவியைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

“மெம்பர் வூட்டுக்காரர் இன்னா சொல்றீங்க?”

என் மனைவி மேஜை விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்தேன். நியாயம் தெரிந்து எழுந்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். வீடு இடிகிற பயத்தைவிட அந்தக் கிணற்றுப் பயம் பெரிதாகிவிட்டிருந்தது, அவ்வளவுதான்.

“நேராவே வுடுங்க” என்றேன். “எங்க அடுப்பங்கரைய எடுத்துக்குங்க.”

தீர்மானம் நிறைவேறியது. கண்டக்டர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. ஓவர்சியர் வந்து சமையலறைச் சுவரில் சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு போட்டுவிட்டுப் போனார். மனைவி அன்றே கேஸ் அடுப்பையும் கிரைண்டரையும் ஹாலுக்கு இழுத்துவந்துவிட்டாள். நாங்கள் டிவிக்குப் பக்கத்தில் சமைத்துக்கொண்டு, இடிப்பதற்காகக் காத்திருந்தோம்.

யாரும் வரவில்லை. எஸ்டிமேட் மேலே போயிருக்கிறது என்றார்கள். பொதுப்பணித் துறை பார்க்க வேண்டும் என்றார்கள். வரும், நிதி வரும் என்றார்கள். அக்கா மழை வடிந்ததுமே தன் வீட்டுக்குப் போய்விட்டாள். எவ்வளவு கெஞ்சியும் இருக்கவில்லை. ஜேசிபி சத்தத்துக்கு நான் இப்போதும் வாசலுக்கு ஓடுகிறேன். முன்பு இடிக்க வந்துவிட்டார்களோ என்று ஓடினேன். இப்போது வராமலே போய்விடுவார்களோ என்று பயந்து ஓடுகிறேன்.

போன வாரம் ஓவர்சியருக்குப் போன் செய்தேன்.

“சார், எங்க வூட்ட எப்ப சார் இடிப்பீங்க?”

அவர் சிரித்துவிட்டார். “எல்லாரும் இடிக்காதீங்கன்னு கோர்ட்டுக்குப் போவாங்க. நீங்க ஒருத்தர்தாங்க இப்டி. மழைக்கப்புறம் பாக்கலாம்.”

மழைக்கு அப்புறம். போனை வைக்கும்போதே ஏரிப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. நேற்று காலையில் கலங்கல் போகிறது என்று மனைவி சொன்னதும் காலனிக்கு ஓடினேன். தெருவில் கணுக்காலளவு வந்திருந்தது. அக்கா துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் தயாராக உட்கார்ந்திருந்தாள்.

“செவுத்த இட்ச்சிட்டாங்களா?” என்றாள்.

“இல்லக்கா.”

இரண்டு கையையும் நீட்டினாள்.

“அப்போ தூக்குடா.”