பம்பரமும் பன்னிரண்டாவது வீரனும்

மணியை ஒரு தரம் அடித்தார். உள்ளே செருப்புச் சத்தம் கேட்பதற்குள் இன்னொரு தரம். மூன்றாவதை அடிக்கும்போது அவருடைய ஒரு கால் கீழ்ப்படிக்குப் போயாகிவிட்டது. பொட்டலத்தை வாங்கியவர் நிமிர்ந்து பார்த்தால் எதிரே ஆள் இல்லை. மூன்று தெரு தள்ளி வேறு யாரோ மணிச் சத்தத்தில் பதறிக்கொண்டிருப்பார். எங்கள் கூரியர்காரருக்குப் பம்பரம் என்று பேர் வைத்தது நான்தான். வைத்த பிறகு தப்பு என்று தெரிந்தது. பம்பரம் எப்படியும் கடைசியில் ஓய்ந்து படுத்துவிடும்.

இவர் நின்றுகொண்டு சாப்பிடுவார், நடந்துகொண்டு பல் விளக்குவார். தூக்கத்தில்கூட மெத்தையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு டெலிவரி நடக்கும் என்று அண்ணி, அதாவது அவர் மனைவி, சொல்வதுண்டு. உலகத்தில் இத்தனை விளையாட்டு இருக்க, இந்த மனிதருக்கு ஞாயிறு மத்தியானம் நாலு மணி நேரம் நாற்காலியில் உட்கார வேண்டிய விளையாட்டுதான் பிடித்துத் தொலைத்தது.

அது ஒரு கதை விளையாட்டு. ஆளுக்கொரு வீரன், மேஜையில் கட்டம் போட்ட துணி. காடும் குகையும் வாயால் சொல்வதுதான். கதை சொல்வது, பூதங்களை ஆட்டிவைப்பது, விதிகளைப் பார்த்துக்கொள்வது எல்லாம் அண்ணி. அவருக்குத் தையல் வேலை. வெட்டி விழுந்த துணியில் எங்கள் வீரர்களைக் கட்டைவிரல் உயரத்துக்குத் தைத்துத் தருவதும் அவர்தான். தைப்பதும் அவர், பூதத்தை ஏவிக் கொல்வதும் அவர். செத்தவர்கள் பிஸ்கட் டப்பாவுக்குள் போவார்கள். சண்டை தொடங்கினால் அந்த டப்பாவைத் திறந்து மேஜைமேல் வைத்துவிடுவார். பார்த்துப் பயப்படட்டும் என்றுதான். உள்ளே இருக்கும் பதினொரு பேரும் பம்பரத்தின் ஆட்கள்.

பதினொரு பேரையும் கொன்றது ஒரே விதி. சண்டையில் ஒரு சுற்று என்றால் கதைக்குள் ஆறு நொடி. நம் முறை வரும்போது ஒரு நடை, ஒரு செயல். பக்கத்துக் கட்டத்தில் எதிரி நிற்கும்போது அவனை விட்டு விலகினால், போகிற போக்கில் அவன் நம்மை ஒரு தரம் வெட்டிக்கொள்ளலாம். ஓசி வெட்டு என்போம். பம்பரத்தின் வீரன் ஒரு குத்து குத்துவான், உடனே விலகி ஓடுவான்.

"ஒரே எடத்துல நிக்க நான் என்ன வெளக்குக் கம்பமா?" என்பார்.

அந்தக் காட்டுப் பூதங்கள் எல்லாம் இவர் கொடுத்த ஓசி வெட்டிலேயே உடம்பு தேற்றிக்கொண்டன. இவருக்காகவே அண்ணி இன்னொரு விதியும் போட்டார்: பொம்மையைத் தொட்டால், யார் முறையாக இருந்தாலும், விலகியதாகவே அர்த்தம்.

பன்னிரண்டாவது வீரனைத் தைக்க மூன்று வாரம் ஆனது. கடுகு மாதிரி இரண்டு கண், முதுகில் நீலப் போர்வை. போர்வையில் இருபத்தேழு தையல் என்று பம்பரமே எண்ணிச் சொன்னார். படியைக்கூட எண்ணாமல் மூன்று மூன்றாகத் தாண்டுகிற ஆள்!

"இதாங்க கடைசி," என்றார் அண்ணி. "வெரல்ல குத்திக் குத்தி நான் தைக்கிறேன். நீங்க ஒரு மத்தியானம் உயிரோட வைக்க மாட்டேங்கிறீங்க. இதுவும் டப்பாவுக்குப் போச்சுன்னா, அடுத்த வாரம் சட்டப் பட்டன வச்சு ஆடிக்குங்க."

சிரிக்காமல் சொன்னார்.

போன ஞாயிறு பாலத்துப் பூதம் வந்தது. பம்பரத்தின் வீரனுக்கு மிச்சம் நாலு உயிர்ப்புள்ளி. பூதம் ஒரு தரம் தொட்டால் ஐந்து போகும். பாலத்து முனையில் அண்ணியின் தம்பி ஆடும் வைத்தியன் நிற்கிறான். அவன் முறை வந்தால் ஓடிவந்து மருந்து போட்டுவிடுவான். அதுவரை நம்மவர் கேடயத்தைத் தூக்கிப் பிடித்து அசையாமல் நிற்க வேண்டும். அப்படி நின்றால் பூதம் இருபது முகப் பகடை இரண்டை உருட்டி, அதில் சின்ன எண்ணைத்தான் எடுத்துக்கொள்ள முடியும்.

"மாமா, ஆறே செகண்டு. கொஞ்சம் சும்மா நில்லுங்க," என்றான் தம்பி.

"நிக்கிறேன்டா. நிக்கிறேங்கிறேன்ல?" என்றவரின் கை அதற்குள் மேஜையில் பாதி தூரம் போய்விட்டது. அவரே அதைப் பிடித்து இழுத்தார். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் திணித்து, மேலே உட்கார்ந்துகொண்டார்.

அடுத்தது என் வில்லாளியின் முறை. அம்புக் கணக்கை நான் விரல் விட்டுத்தான் கூட்டுவேன். அன்று கால் விரல்களையும் சேர்த்துக்கொண்டேன்.

"டேய், அம்ப விடுறா!"

"இருங்கண்ணே, காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாக்கணும்ல."

நாற்காலி கிறீச்சிட்டது. முழங்கால் இரண்டும் தையல் மெஷின் மிதி மாதிரி ஆடின. மேஜை ஆடியது. வாசலில் மணி அடித்தது. மறுபடி அடித்தது. மூன்றாவதாகவும் அடித்தது. இவரைப் போல இன்னொரு கூரியர்!

"என்ன அவசரம் பாரு அவனுக்கு! மனுசனுக்குப் பொறும வேணாம்?" என்றார் பம்பரம். எழுந்திருக்கவில்லை.

என் அம்பு ஆற்றில் போய் விழுந்தது. அண்ணி பகடை இரண்டையும் உள்ளங்கையில் மூடி, வழக்கத்தைவிட அதிக நேரம் குலுக்கினார். முதலாவதில் பதினெட்டு. பதின்மூன்று வந்தாலே வீரன் காலி. இரண்டாவது உருண்டுபோய் டப்பாவில் முட்டி, திரும்பி வந்து நின்றது.

"மூணு," என்றார் அண்ணி. "படல."

தம்பி குதித்தான். "வந்துட்டேன் மாமா! மருந்து போட்டாச்சு. இப்ப பன்னெண்டு புள்ளி!"

"உங்க மொறங்க," என்றார் அண்ணி, அவர் முகத்தைப் பார்க்காமல்.

தொடைக்கு அடியிலிருந்து வலது கை மெல்ல வெளியே வந்தது. நாற்காலியின் பின்னல் அதில் அச்சாகப் பதிந்திருந்தது. கை நேராக மேஜைக்குப் போனது.

"தொடாதீங்க!" மூன்று பேரும் கத்தினோம்.

நீலப் போர்வைமேல் உரசாமல், கை அதைத் தாண்டிப் போய், பிஸ்கட் டப்பாவின் மூடியை எடுத்து மூடி, டக்கென்று அழுத்தியது. பிறகு திரும்பிவந்து தொடைக்கு அடியில் நுழைந்துகொண்டது.